ஒற்றைப் பற்சில்லும் மலைப்பாதையும்

பிரயாணம் என்பது ஊர்களைக் காண்பது மட்டுமன்று. ஊர்களை ஒன்றோடொன்று இணைக்கும் வழிகளைக் காண்பதுமாகும். விரைந்தோடும் ஊர்தியில் இருப்போருக்கு ஊர் தெரியும், வழி தெரியாது. கால்நடையாகச் செல்வோருக்கு வழி நன்கு தெரியும். ஆயின் ஒரு நாளிற் காணத்தக்கது சிறிதே. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது துவிச்சக்கரவண்டி. அதிலும், ஏற்றத்திற்கென்றும் இறக்கத்திற்கென்றும் மாற்றிக்கொள்ளும் பொறி எதுவுமில்லாத ஒற்றைப் பற்சில்லு வண்டி, வழியின் மேடுபள்ளம் அனைத்தையும் ஏறியிருப்பவனின் முழங்காலுக்கு எடுத்துரைத்துவிடும். யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலராசிரியர் பணித்தபோது, இலக்கியப் பொருள் ஒன்றை எழுதுவதாகவே யாம் எண்ணியிருந்தோம். ஆயினும், 2025ஆம் ஆண்டுத் தைப்பொங்கலை ஒட்டி யாம் மேற்கொண்ட மூன்று நாட் பிரயாணமும், அதன் பயனாக எழுந்த எண்ணமொன்றும் பழைய மாணவர் முன் வைக்கத்தக்கன என்று தோன்றியமையால், அதனையே எழுதத் துணிந்தோம்.

அவ்வாண்டில் ஜனவரி 13ஆந் திகதி திங்கட்கிழமை துருத்துப் பௌர்ணமி தினமாகவும், மறுநாட் செவ்வாய்க்கிழமை தைப்பொங்கலாகவும் அமைந்தன. சனி, ஞாயிறு உட்பட நான்கு நாள் ஓய்வு. பொங்கலன்று வீட்டில் இருத்தல் வேண்டும். எஞ்சிய மூன்று நாட்களையும் கண்டியைச் சூழ்ந்த தேயிலை மலைகளிற் கழிப்பதென நால்வர் தீர்மானித்தோம். எம்மை நீக்கி மற்றையோருள் ஒருவர் எம்முடன் பணியாற்றும் கணித ஆசிரியர். ஒருவர் வங்கியிற் கடமையாற்றும் பழைய மாணவர். நான்காமவர் துவிச்சக்கரவண்டி திருத்துங் கடை நடத்துபவர். முன்னாளில் எமது வகுப்பிற் கடைசி வாங்கில் அமர்ந்து, இலக்கணத்தைக் காட்டிலும் பக்கத்துச் சாளரத்தையே அதிகம் நோக்கியவர். இப்பிரயாணத்தில் ஆசிரியர் அவரே; யாம் மூவரும் மாணவர்.

புறப்படுமுன்னரே அவர் கடையில் ஒரு விவாதம் எழுந்தது. கியர் பூட்டிய வண்டிகளை வாடகைக்கு எடுத்தல் நன்றென்பது கணித ஆசிரியர் கட்சி. கடைக்காரர் அதற்கு இணங்கவில்லை. "கியர் நல்லதுதான் சேர். ஆனா தோட்டத்துப் பாதையில ஒரு கல்லு அடிச்சுப் பின்னுக்கு இருக்கிற கியர் வளைஞ்சா, அங்க யாரு நேராக்கிறது? இது செயின் அறுந்தாலும் ஒரு ஆணியும் கல்லும் இருந்தாப் போதும்" என்றார். அவர் சொல்லே வென்றது. மூன்று பழைய வண்டிகளும், கியர் கெட்டுப் போனமையால் அது கழற்றப்பட்டு ஒற்றைப் பற்சில்லு பூட்டப்பெற்ற அகன்ற ரயர் வண்டி ஒன்றும் ஆயத்தமாயின.

பழைய வண்டிகளில் முன்பற்சில்லுக்கு 46 பல். பின்பற்சில்லுக்கு 18 பல். சமதரையில் ஓடுவதற்கென அமைந்த கணக்கு அது. கடைக்காரர் பின்பற்சில்லைக் கழற்றி 22 பல்லுடையதைப் பூட்டி, சங்கிலிக்கும் கண்ணி கூட்டினார். கணித ஆசிரியர் உடனே தாளும் பென்சிலும் எடுத்துவிட்டார். சில்லின் விட்டம் 28 அங்குலம். முன்னைய நிலையில் மிதியை ஒரு முறை முழுதாகச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ 5.7 மீற்றர் செல்லும், இப்போது 4.7 மீற்றரே செல்லும். தூரத்தில் ஒரு மீற்றர் இழப்பு. ஆயின் காலுக்கு ஐந்திலொரு பங்களவு பாரம் குறைவு. இழப்பின்றிப் பேறில்லை என்பதைப் பற்சில்லும் கற்பிக்கின்றது என்று அவர் மகிழ்ந்தார்.

இவ்வாறு பழைய வண்டியில் மலையேறுவதை விநோதமென எண்ணற்க. இன்று உலகெங்கும் பரவியுள்ள மலைச் சைக்கிளோட்டம் பிறந்ததே இத்தகைய வண்டிகளிலேதான். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மரின் பகுதியில் இளைஞர் சிலர், பல்லாண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட பருத்த ரயருடைய ஒற்றைப் பற்சில்லு வண்டிகளைத் தேடியெடுத்து, தமல்பாயஸ் மலைப்புறத்து மண்பாதைகளில் இறக்கி ஓட்டினர். மிதியைப் பின்னோக்கி அழுத்தினாற் பிடிக்கும் பிறேக்கு அவ்வண்டிகளுக்கு இருந்தது. செங்குத்தான இறக்கத்தில் அது சூடேறி, உள்ளிருந்த மசகு புகைந்து போகும். ஒவ்வோர் ஓட்டத்தின் பின்னும் புதிதாக மசகு அடைக்க வேண்டும். 1976இல் அங்கு தொடங்கிய இறக்கப் போட்டிக்கு, 'மீள அடைத்தல்' எனப் பொருள்படும் ரீபாக் என்ற பெயர் ஏற்பட்டமை இதனாலேயாம். பின்னர் பல பற்சில்லுகள் வந்தன, விலையும் ஏறிற்று. அவற்றையெல்லாம் விடுத்து மீண்டும் ஒற்றைப் பற்சில்லுக்கே திரும்பி மகிழ்வோரும் மேனாடுகளில் உளர்.

அவர்களுக்கு அது விளையாட்டு, எம்மவர்க்கோ வாழ்க்கை. 1990களில் யாழ்ப்பாணத்தில் எரிபொருள் அருகிய காலத்தில், நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றதும், விறகும் மரக்கறியும் சந்தைக்குக் கொணர்ந்ததும், டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்க உதவியதும் இவ்வண்டியே. 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நாடு முழுவதும் பெற்றோல் இன்றித் தவித்துப் பாடசாலைகளும் பூட்டப்பட்டபோது, பலகாலம் மூலையிற் கிடந்த வண்டிகள் தூசு தட்டி வெளியே எடுக்கப்பட்டன. கண்டியிற் பலர் ஏற்றத்தில் உருட்டியும் இறக்கத்தில் ஓட்டியும் தத்தம் கடமைக்குச் சென்றதை யாம் கண்டோம். நிற்க.

சனிக்கிழமை விடியலில், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் அமைப்பித்த வாவிக்கரையில் ஒன்றுகூடி, ஹந்தானை வீதியில் ஏறத் தொடங்கினோம். நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஹந்தானைத் தொடரின் உச்சியோ 1,100 மீற்றருக்கும் மேற்பட்டது. 2010இற் பாதுகாக்கப்பட்ட சூழலாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட மலை இது. நகரத்து வீடுகள் முடிந்து பைன் மரங்கள் தோன்றுமுன்னரே ஒற்றைப் பற்சில்லின் முதற் பாடம் கிடைத்துவிட்டது. இருக்கையில் இருந்தபடி ஏற இயலாது. எழுந்து நின்று, உடலின் பாரத்தை மாறி மாறி இரு மிதிகளிலும் இட்டு, கைப்பிடியை இறுகப் பற்றி ஏறல் வேண்டும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை வந்ததும் இறங்கி உருட்டல் வேண்டும். வள்ளுவப் பெருந்தகை வலியறிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார். வினையின் வலியையும் தன் வலியையும் ஒருங்கே நிறுத்துப் பார்க்கும் அக்கலையை, ஹந்தானை ஏற்றம் அரைமணி நேரத்திற் கற்பித்துவிடுகின்றது. வங்கி அன்பர் இறங்க மறுத்து மிதித்து, மூன்றாவது திருப்பத்திற் கால் பிடித்துக்கொண்டு புல்லிற் சாய்ந்தார். கடைக்காரர் முதலிலேயே இறங்கி, களைப்பின்றி உருட்டிச் சென்று, உச்சியில் எமக்காகக் காத்திருந்தார்.

அங்கே 1925இற் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்று, 2001 முதல் தேயிலை அரும்பொருட்சாலையாக விளங்குகின்றது. அதனருகேதான் அண்மைக் காலத்தில் 'பீக்கோ' என்னும் தேயிலைத் தரத்தின் பெயரால் அமைக்கப்பட்ட நெடும்பாதையும் தொடங்குகின்றது. 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல், ஹட்டன், அப்புத்தளை, எல்ல முதலிய பகுதிகளைச் சுற்றி நுவரெலியாவில் முடியும் அப்பாதையின் பெரும்பகுதி புதிதாக வெட்டப்பட்டதன்று. தோட்டங்களில் முன்பிருந்தே உள்ள வழிகளைத் தொடுத்தமைத்த மாலை அது. மேனாட்டவர் பலர் முதுகிற் பைகளுடன் அவ்வழியே நடக்கின்றனர். அதன் முதல் இரு கட்டங்கள், ஹந்தானையிலிருந்து கலஹாவுக்கும், அங்கிருந்து லூல்கந்துரைக்கும் செல்வன. எமது பிரயாணமும் பெரும்பாலும் அவ்வழியையே தழுவியது.

உடுவெலைப் பக்கமாகத் தேயிலைக்குள் நுழைந்தபின் எமக்கு ஓர் உண்மை புலனாயிற்று. தோட்டத்தில் வழிகள் ஒரு தன்மையன அல்ல. ஒன்று, மாட்டுவண்டிக்கும் பின்னர் லொறிக்குமென மலையின் இடுப்பைச் சுற்றி வளைந்து செல்லும் வண்டிப் பாதை. எருதுகள் இழுக்கத்தக்கதாய் அமைந்த அதன் ஏற்றம் மெல்லியது. 22 பல் பூட்டிய வண்டியில் நின்றும் இருந்தும் அதில் ஏறிவிடலாம். மற்றொன்று, கொழுந்து கொய்வோர் நிரைகளுக்கிடையே செல்லும் ஒற்றையடித் தடம். வேறொன்று, லயத்திலிருந்து பெரட்டுக் களத்திற்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் கோயிலுக்கும் நேரத்தை மிச்சப்படுத்தவென மக்கள் தம் காலாலேயே வகுத்துக்கொண்ட குறுக்குப் பாதை. அது செங்குத்தானது, அதில் வண்டியைத் தோளில் தூக்கிச் செல்வதன்றி வேறு வழியில்லை. கியர் வண்டியிலோ மோட்டார் வண்டியிலோ சென்றிருப்பின் இவ்வேறுபாடு எமக்குத் தெரிந்திராது. முதலாவது, தேயிலை சுகமாகச் செல்ல அமைந்த வழி. பின்னது, மனிதர் எவ்வாறேனும் செல்ல அமைந்த வழி.

இவ்வழிகளை வெட்டிய கைகள் யாவை? 1820களிற் கம்பளைப் பகுதியிற் கோப்பிச் செய்கை தொடங்கியது முதல், தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து வந்தோரின் கைகளே. நோயாலும் பசியாலும் அவ்வழியில் மடிந்தோர் பலர். அந்நெடுநடையின் இருநூறாம் ஆண்டு நினைவாக, 2023ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் தலைமன்னாரிற் புறப்பட்டு ஆகஸ்டு நடுவில் மாத்தளையை அடைந்த நடைபவனியை அன்பர்கள் அறிவர். காடு வெட்டினர், கல் உடைத்தனர், பாதை சமைத்தனர். அவர்தம் துயரையும் நகையையும் அவர்களே பாடி வைத்த பாடல்களைத் திரட்டியளித்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்களுக்கு, தமிழாசிரியர் ஒவ்வொருவரும் கடமைப்பட்டுள்ளனர்.

அன்றிரவு கலஹாவில் அன்பர் ஒருவர் வீட்டிற் தங்கினோம். ஞாயிறன்று தெல்தோட்டை வழியாக லூல்கந்துரைக்கு ஏறினோம். ஏறினோம் என்பதிலும் உருட்டினோம் என்பதே பொருந்தும். பாதி வழி நடையே. பனியும் வெயிலும் மாறி மாறி வந்தன. ஸ்கொத்லாந்து தேசத்தவரான ஜேம்ஸ் ரெயிலர், 1867ஆம் ஆண்டில் 19 ஏக்கர் நிலத்தில் இலங்கையின் முதல் வர்த்தகத் தேயிலைத் தோட்டத்தை உண்டாக்கிய இடம் இது. ஈராண்டின் பின் கோப்பியை நோய் தாக்கித் தோட்டங்கள் அழியத் தொடங்கிய வேளை, நாட்டைக் காத்தது இங்கு வேரூன்றிய செடியே. அவர் வாழ்ந்த குடிலின் சிதைவையும், அமர்ந்து மலைகளை நோக்கியதாகக் கூறப்படும் கல்லாசனத்தையும் கண்டோம்.

ஆயின் எம் உள்ளத்தை உருக்கிய செய்தி வேறொன்று. 1892 மே மாதம் ரெயிலர் இறந்தபோது, அவரது உடலைத் தோட்டத் தொழிலாளர் முறைவைத்துத் தோளிற் சுமந்து, மலையிறங்கிக் கண்டிக்குக் கொணர்ந்தனர் என்பர். மஹியாவை மயானத்தில் அவருக்குக் கல்லறையும் கல்வெட்டும் உள. சுமந்தவர் பெயர் எக்கல்லிலும் இல்லை. நகரத்திலிருந்து வெறும் வண்டியுடன் அவ்வுயரத்தை அடைவதற்கே இரண்டு நாட்கள் மூச்சு வாங்கிய யாம், அத்திசையில் ஒரு பேழையைச் சுமந்து ஒரே பகலில் இறங்கியோரை எண்ணிச் சிறிது நேரம் பேசாதிருந்தோம்.

மாலையில் மீண்டும் கலஹாவை அடைந்தோம். திங்கட்கிழமை விடிந்ததும் மழை. தை மாதத்து வடகீழ்ப் பருவமழை மலைநாட்டிற் சாரலாகத் தொடங்கி, காலுறைக்குள் அட்டைகளை ஏற்றிவிட்டே ஓயும். திரும்பும் வழியில், பேருந்து செல்லும் வீதிக்கு மேலே நான்கு கிலோமீற்றர் உயரப் பாதையிலுள்ள தோட்டப் பிரிவு ஒன்றினூடாகச் சென்றோம். அங்கே முதியவர் ஒருவர் மண்வெட்டியுடன் கானில் நிறைந்திருந்த மண்ணை வாரிக்கொண்டிருந்தார். விடுமுறை நாளன்றோ என வினவினோம். "மழைக்கு லீவு இல்லையே சேர். கான் செத்தா ரோட்டு செத்துரும்" என்றார் அவர். சிறிது தூரம் சென்றதும் அவர் சொல்லின் உண்மையைக் கண்ணாரக் கண்டோம். கான் துப்புரவாக இருந்தவரை பாதை இறுகிக் கிடந்தது, வண்டி வழுக்கவில்லை. கான் தூர்ந்திருந்த இடத்தில் நீர் பாதையையே தன் வழியாக்கி, கல்லையும் மண்ணையும் வாரிச் சென்றது. கானின்றேற் பாதையில்லை, பாதையின்றேல் ஊரில்லை.

மழைக்கு ஒதுங்க லயத்து வாயிலொன்றை அணுகியபோது, "வாங்க சேர், உள்ள வாங்க" என்று ஓடிவந்தவள் எமது கல்லூரியின் உயர்தரக் கலைப்பிரிவு மாணவி. காலையிற் பிந்தி வருவோர் இடாப்பில் அடிக்கடி காணப்படும் பெயர் அவளுடையது. மறுநாட் பொங்கலுக்கென வாயில் மெழுகப்பட்டிருந்தது. மழையாற் கோலம் மட்டும் காத்திருந்தது. அவளது பாட்டியார் சுடச்சுடத் தேநீரும் தேங்காய் ரொட்டியும் சம்பலும் தந்தார். பேச்சினிடையே அவளது நாளின் கணக்கை அறிந்தோம். அதிகாலை நான்கு மணிக்கு எழுவாள். நாலே முக்காலுக்குக் கைவிளக்குடன் புறப்பட்டு, வீதியை அடைய ஐம்பது நிமிடம். பேருந்து வந்தால் அதன் பின் ஒரு மணித்தியாலத்திற்கு மேற் பிரயாணம். மாலையில் அதே நான்கு கிலோமீற்றரும் ஏற்றம்.

மழை சற்று விட்டது. கடைக்காரர் தம் வண்டியை அவளிடம் நீட்டி, ஓட்டத் தெரியுமா என்றார். மாமன் வண்டியிற் பழகியிருப்பதாகக் கூறினாள். "பொம்புளப் புள்ளைக்கு எதுக்குப்பா" என்று பாட்டியார் முணுமுணுத்தார், ஆயினும் தடுக்கவில்லை. வண்டி, வளைவு ஒன்றில் மறைந்து, கோயிலடி வரை சென்றது. பின்னர் அவள் உருட்டிக்கொண்டு ஏறிவந்தாள். கணித ஆசிரியர், "பார்த்தாயா பிள்ளை, ஏறும்போது நடைதானே, வண்டி இருந்தும் பாதிப் பயன்தான்" என்றார். அவள் சிரித்தவாறு, "மேல ஏறுறது எப்பிடியும் நடைதானே சேர். எறங்கறப்ப மிச்சமாகிற நேரம் எனக்குப் போதும்" என்றாள்.

கணித ஆசிரியர் பின்னர் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. வழியிற் திடீரென வண்டியை நிறுத்தி, "இறக்கத்தில் ஐம்பது நிமிடம் இருபதாகும். நாளொன்றுக்கு அரைமணி. பாடசாலை நாட்கள் 180 என்றே கொண்டாலும் 90 மணித்தியாலம், மாஸ்டர்" என்றார். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு மாணவிக்கு 90 மணித்தியாலம் எத்துணைப் பெரும் செல்வம் என்பதை ஆசிரியர்களாகிய எமக்கு எவரும் உரைத்தல் வேண்டா.

கீழிறங்குகையில் வேறொரு பாடமும் கிடைத்தது. பழைய வண்டிகளின் எஃகு ரிம் மழையில் நனைந்தவுடன் பிறேக்குக் கட்டை வழுக்குகின்றது, இழுத்தும் பிடிப்பதில்லை. வீதியை அடையும்வரை மூவரும் நடந்தே இறங்கினோம். அலுமினிய ரிம்முடைய அகன்ற ரயர் வண்டியில் வந்த கடைக்காரர் ஒருவரே பத்திரமாக ஓட்டிவந்தார். மலைநாட்டு வண்டிக்கு ஏறுதற் கருவியினும் நிறுத்தற் கருவியே முதன்மையானது என்பது அவர் முடிபு.

கலஹா வீதி, ஹிந்தகலையைக் கடந்து பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தினூடாகவே நகரை நோக்கி இறங்குகின்றது. 1952 முதல் ஹந்தானையின் அடிவாரத்தில் விளங்கும் அக்கலைக்கோயிலில், பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1960களில் நாட்டுக்கூத்தை மீண்டும் அரங்கேற்றிப் பெருமை சேர்த்ததை மூத்த அன்பர்கள் மறந்திரார். மிதியை மிதியாமலே மரநிழலில் வழுக்கிச் சென்ற வேளையில் எமக்கொன்று தோன்றிற்று. அம்மாணவியின் பேருந்தும் நாள்தோறும் இவ்வழியேதான் செல்கின்றது. சாளரத்தினூடாக இருமுறை அவள் காணும் அவ்வாயிலுக்கும் அவளுக்கும் இடைப்பட்ட தூரத்தில் ஒரு பகுதி, நான்கு கிலோமீற்றர் மண்பாதையே.

பொங்கல் கழிந்த வாரத்தில் நால்வரும் பொருள் சேர்த்தோம். கடைக்காரர் கூலி பெறாது அந்த அகன்ற ரயர் வண்டியைச் செப்பனிட்டு, கரியரும் மணியும் டைனமோ விளக்கும் பூட்டினார். வண்டி மலையேறியது. பாட்டியார் அதற்குத் திருநீறு பூசிப் பொட்டும் இட்டார் என அறிந்தோம். மாலையில் அதன் கரியரில் அயல்வீட்டாரின் அரிசியும் மாவும் ஏறிவரலாயின. உருட்டுவதாயினும் சுமை தோளில் இல்லை என்பது ஒரு பயன். யாம் கணக்கில் எடாத பயன். பிந்தி வருவோர் இடாப்பில் அப்பெயர் அரிதாயிற்று. பேருந்தே வராத நாட்களுக்கு வண்டியிடமும் மருந்தில்லை. அதனையும் கூறியாதல் வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வாச் சூறாவளி கொணர்ந்த மழையால் மலைகள் சரிந்தன. நாட்டில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். உயிரிழப்பு மிகுந்த மாவட்டங்களுட் கண்டியும் ஒன்று. நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையும் இடைநிறுத்தப்பட்டு, எஞ்சிய பாடங்கள் மறு ஆண்டிலேயே நடைபெற்றன. யாம் சென்ற பாதைகளிற் சில துண்டிக்கப்பட்டன. அம்மாணவியின் லயம் இறையருளாற் தப்பியது. வீதி அடைபட்டிருந்த நாட்களில், கீழேயிருந்து மருந்தும் மெழுகுதிரியும் அவ்வண்டியின் கரியரிலேயே மேலேறின. துண்டிக்கப்பட்ட இடத்தில் இருவர் அதனைத் தூக்கிக் கடத்தினர். கான் வாரிய முதியவர் அப்போதும் மண்வெட்டியுடன் நின்றார் என்றாள் அவள். பெருமழை முழுவதையும் ஒரு கான் தடுத்துவிடும் என்று யாம் கூறவில்லை. ஆயினும் சிறு காரியங்களை நாள்தோறும் செய்வோரே பெருந் துன்பத்திலும் கைகொடுப்போர் என்பது ஒருதலை.

அன்பர்காள், யூபிலி ஆண்டில் நினைவுச் சின்னமாக யாது செய்யலாம் என்று பழைய மாணவர் சங்கத்தில் ஆலோசனைகள் நிகழ்கின்றன. நுழைவாயில் வளைவு ஒன்று கட்டுவோம் என்பார் உளர். கல்லூரியின் மாட்சிக்கு அஃது ஏற்றதே. யாம் அதனை மறுக்கவில்லை. ஆயின் அவ்வளைவினூடாக நேரத்திற்கு வந்து நுழைய இயலாத பிள்ளைகள் சிலர் நம்மிடை உளர். வரவு இடாப்பையும் மாணவர் முகவரிகளையும் ஒப்புநோக்கியதில், வீதியிலிருந்து மூன்று கிலோமீற்றருக்கு மேல் மேட்டில் வாழ்வோர் பதினால்வர் எனக் கண்டோம். அவர்களுக்குப் பதினான்கு வண்டிகள் வேண்டும். பின்னே 22 பல்லுடைய ஒற்றைப் பற்சில்லு, அலுமினிய ரிம், அகன்ற ரயர், கரியர், டைனமோ விளக்கு ஆகியன அவற்றுக்கு வேண்டும். கியர் வேண்டா, எவ்விடத்தும் எவரும் திருத்தத்தக்கதாய் இருத்தலே முதன்மை. பள்ளியை விட்டு நீங்குவோர் வண்டியைக் கல்லூரியிடம் ஒப்படைக்க, அடுத்தவர் பெறுவர். ஆண்டிற்கு இருமுறை அவற்றைச் செப்பனிடும் பொறுப்பைக் கடைக்கார அன்பர் தாமே ஏற்றுள்ளார். வகுப்பிற் கடைசி வாங்கில் இருந்தவர் முதல் நன்கொடையாளர் ஆகியுள்ளார். முன்வாங்கில் இருந்தோர் பின்தங்கலாமோ?

கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் சிறப்புற்று வாழும் பழைய மாணவர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். தத்தம் வசதிக்கேற்ப ஒரு வண்டியோ, ஒரு சில்லோ, ஒரு சங்கிலியோ உதவலாம். பட்டியலும் கணக்கும் சங்கச் செயலாளரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன. கணக்கை எழுதியவர் கணித ஆசிரியர் ஆதலின் பிழையிராது என நம்பலாம். எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் நமது கல்லூரி மேன்மேலும் ஓங்குவதாக. மலைமேல் வாழும் அதன் பிள்ளைகள் நேரத்திற்கு வந்து சேர்வார்களாக.